நாலு வண்டி சேர்ந்து ஒரு வண்டி

இங்கிலாந்தின் ஏதோ ஒரு கைவிடப்பட்ட கல்குவாரி. சேறும் சரளையும் கலந்த சரிவில் பத்து ஜோடி மூங்கில் குச்சிகள் நடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் ஒரு வாசல். கீழே உள்ள முதல் வாசலுக்கு எண் 10. மேலே போகப் போக 9, 8, 7 என்று குறைந்து கடைசி வாசலில் 1 என்று எழுதியிருக்கும். கதவோ கூரையோ இல்லாத ஒரு வண்டி உறுமாமல், அவசரப்படாமல் ஊர்ந்து ஏறுகிறது. ஏழாம் எண் வாசலில் சக்கரம் வழுக்கி நின்றுவிட்டால் ஓட்டுநருக்கு 7 புள்ளி. குச்சியில் உரசினாலும் அதோடு சரி. எல்லா வாசல்களையும் தாண்டிவிட்டால் பூஜ்யம். இப்படி ஒரு நாளில் பல சரிவுகள் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டி, யாரிடம் புள்ளி குறைவோ அவருக்கு வெற்றி.

இதற்கு டிரையல் என்று பெயர். ஓட்டுநர் எவ்வளவு நேரத்தில் ஏறினார் என்று யாரும் பார்ப்பதில்லை. ஏறினாரா என்பது மட்டுமே கேள்வி.

போட்டிக்கு வரும் வண்டிகளில் ஒரு பிரிவு, சாலையில் ஓடும் சாதாரண லேண்ட் ரோவர்கள். கம்பெனியிலிருந்து வந்த வடிவம் பெரிதும் மாறாதவை. இன்னொரு பிரிவில் நிற்பவற்றை எந்தக் கம்பெனி வண்டி என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. சேஸ் என்ற அடிச்சட்டம் ஒரு வண்டியுடையது, எஞ்சின் இன்னொன்றுடையது, இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் முப்பது வருடம் மூத்த ஒரு பண்ணை வண்டியுடையது. மேலே இருக்கும் இரும்புக் குழாய்க் கூடு உரிமையாளரே வளைத்துப் பற்றவைத்தது. காயலான் கடையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கட்டியதுபோல் தோன்றும். உண்மையில், ஒரே கம்பெனியின் வண்டியை வாங்கி ஓட்டுபவரைவிட இதைக் கட்டியவருக்கு வண்டியைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். பலமான பாகங்களை ஒன்றாகச் சேர்த்தால் பலமான வண்டி வந்துவிடாது. ஒரு பாகத்தை மாற்றினால் அதன் பக்கத்துப் பாகம் கணக்குக் கேட்கும். அதைச் சரிசெய்தால் அதற்கடுத்தது கேட்கும். அந்தக் கணக்கைக் கடைசிவரை தீர்ப்பதுதான் இந்தத் தொழில்.

டிரையல் பழைய விளையாட்டு. 1901-இல் தொடங்கிய மோட்டார் சைக்கிளிங் கிளப் என்ற ஆங்கிலேயச் சங்கம் 1904-இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கும், 1908-இல் லேண்ட்ஸ் எண்ட் முனைக்கும், 1910-இல் எக்ஸிடர் நகருக்கும் நெடும் பயணங்களை நடத்தத் தொடங்கியது. மோட்டார் வண்டிகள் வழியில் நின்றுபோவது வாடிக்கையாக இருந்த காலம் அது. ஊர்போய்ச் சேர்வதே ஒரு சாதனை. வண்டிகள் தேறத் தேற, வழியில் செங்குத்தான மண் மேடுகளைச் சேர்த்துச் சோதனையைக் கடுமையாக்கினார்கள். கார்ன்வாலில் உள்ள புளூ ஹில்ஸ் சரிவில் இன்றும் லேண்ட்ஸ் எண்ட் போட்டிக் கார்கள் ஏறுகின்றன.

கலப்புப் பாகங்களால் வண்டி கட்டும் வழக்கமும் அங்கேயே வேர்விட்டது. லண்டன் பட்னி பகுதியில் ஃபோர்டு விற்பனை நிலையம் நடத்திய சிட்னி ஆலர்டு 1936-இல் ஒரு டிரையல் காரைக் கட்டினார். ஃபோர்டு வி-8 காரின் சேஸையும் எஞ்சினையும் எடுத்துக்கொண்டு, உடல் பாகங்களுக்குப் புகாட்டி பந்தயக் கார் ஒன்றை நாடினார். எஞ்சினை வழக்கமான இடத்தில் வைக்காமல் பின்னால் தள்ளி உட்காரவைத்தார். காரணம் எளிது: அந்தக் காலக் கார்களில் பெரும்பாலும் பின் சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளும். அவற்றின் மேல் எடை கூடினால்தான் சேற்றில் பிடி கிடைக்கும். ஒரே நீள இரும்பாக இருந்த ஃபோர்டின் முன் ஆக்சிலை நடுவில் வெட்டி, இரு பாதிகளும் தனித்தனியே ஏறி இறங்கும்படி கீல்போல் மாட்டும் முறை ஒன்றை லெஸ்லி பாலமி என்ற பொறியாளர் உருவாக்கியிருந்தார். அதுவும் ஆலர்டு கார்களுக்கு வந்தது. சி.எல்.கே. 5 என்ற பதிவெண் கொண்ட அந்தக் கார் ஒரு கார் கம்பெனிக்கே தொடக்கமாயிற்று. 1952-இல் மாண்டி கார்லோ ராலியை ஆலர்டு தன் பெயர் தாங்கிய காரையே ஓட்டி வென்றார்.

அடுத்தவர் கோலின் சாப்மன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இளைஞர். காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்துப் போட்டு, 1948-இல் அதை டிரையல் காராக மாற்றிக் கட்டினார். எஞ்சின் வெறும் 747 சி.சி. பலத்தைக் கூட்ட வழியில்லாதபோது எடையைக் குறைப்பதுதான் வழி என்று உலோகத் தகடு ஒட்டிய பிளைவுட்டால் உடலைச் செய்தார். அந்தக் காருக்குப் பெயர் லோட்டஸ். 1963-இல் ஃபார்முலா ஒன் தயாரிப்பாளர் பட்டத்தை வென்ற அதே லோட்டஸ்தான். எடையைக் குறைப்பதில் சாப்மனுக்கு இருந்த பிடிவாதம் பந்தயத் தடத்தில் வந்ததல்ல, சேற்று மேட்டில் வந்தது என்றால் மிகையாகாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு கிடைப்பதே அரிதாக இருந்தது. கென் டெலிங்போல், ரான் லோ இருவரும் பர்மிங்காமை அடுத்த ஊரில் நடத்திய டெல்லோ கம்பெனி, போரில் மிச்சமான ராக்கெட் குழாய்களை வாங்கி அவற்றால் சேஸ் கட்டியது. அதில் ஃபோர்டின் 1,172 சி.சி. எஞ்சினை வைத்து டிரையல் கார்களாக விற்றார்கள். அந்தக் குழாய் நல்ல உலோகம், இலேசானது, விலையும் குறைவு. கையில் கிடைப்பதில் எது உயர்ந்தது என்று தெரிந்தவர்களின் வேலை அது.

லேண்ட் ரோவரும் இந்தக் குடும்பம்தான். ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த தன் நிலத்தில் ராணுவத்திடமிருந்து வந்த வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அது ஓய்ந்துபோனால் மாற்று என்ன என்ற கேள்வியில் பிறந்ததே லேண்ட் ரோவர். 1947-இல் உருவான முதல் மாதிரியில் சேஸ் ஜீப்புடையது, எஞ்சின் ரோவர் காருடையது, ஸ்டியரிங் டிராக்டர்போல் நட்டநடுவில். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த விற்பனை வண்டியிலும் முன் பின் சக்கரங்களுக்கு இடையே ஜீப்பின் அதே 80 அங்குலம் நீடித்தது. எஃகு பற்றாக்குறையால் உடல் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. அந்த அலுமினியப் பலகைகள் துருப்பிடிக்காமல் இன்றும் கிடைப்பதால்தான் டிரையல் வண்டி கட்டுபவர்கள் அவற்றைத் தேடி எடுக்கிறார்கள்.

அதே கம்பெனியின் இரண்டாவது கொடை 1970-இல் வந்தது. ரேஞ்ச் ரோவர் என்ற பெயரில் வந்த வண்டியில் பட்டை ஸ்பிரிங் இல்லை. நான்கு மூலையிலும் நீண்டு சுருங்கும் சுருள் ஸ்பிரிங். ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போதும் எதிர்ச் சக்கரம் தரையை விடாது. நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை போகும். எஞ்சின் 3.5 லிட்டர் வி-8. அந்த எஞ்சினே வேறொரு கம்பெனியின் கழிவு. அமெரிக்காவின் பியூக் 1961 முதல் 1963 வரை அலுமினியத்தில் செய்து கைவிட்டதை, 1965-இல் ரோவர் உரிமையோடு வாங்கிக்கொண்டது. எட்டு சிலிண்டர் இருந்தும், லேண்ட் ரோவரின் நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினைவிட இலேசு. இருபது முப்பது வருடம் ஓடி உடல் துருவேறிய ரேஞ்ச் ரோவர்களும், 1989-இல் அதே 100 அங்குலச் சேஸின்மேல் வந்த டிஸ்கவரி வண்டிகளும் சொற்ப விலைக்கு வரத் தொடங்கியதும் டிரையல் பட்டறைகளுக்குத் தீபாவளிதான். உடல் பொத்தலாகிப் போனாலும் சேஸ், ஆக்சில், கியர்பெட்டி நன்றாகவே இருக்கும்.

சரி, அந்த வண்டியை எப்படிக் கட்டுகிறார்கள்?

முதல் வேலை சேஸை வெட்டுவது. 100 அங்குலம், அதாவது 2,540 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் முன் பின் சக்கரங்களை 88 அங்குலத்துக்கு, 2,235 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவது பரவலான வழக்கம். சக்கரங்கள் அதே அளவு திரும்பினால், வண்டி திரும்பும் வட்டத்தின் ஆரம் சக்கர இடைவெளியோடு நேர்விகிதத்தில் குறையும். 100-இல் 12 போனால் வட்டமும் 12 விழுக்காடு சுருங்கும். குச்சிகளுக்கு நடுவே வளைந்து போகிறவருக்கு அது பெரிய லாபம். மேட்டு முகட்டில் வயிறு தட்டி நிற்பதும் குறையும்.

வெட்டும் இடம் முக்கியம். ஸ்பிரிங் உட்காரும் இடத்தையும், ஆக்சிலைப் பிடித்திருக்கும் கைகள் மாட்டும் இடத்தையும் தொடக்கூடாது. கவனமான பட்டறைகளில் நேர்க்கோட்டில் வெட்ட மாட்டார்கள். சாய்வாகவோ படிப்படியாகவோ வெட்டுவார்கள். நேர்வெட்டில் எல்லாச் சுமையும் ஒரே கோட்டு வெல்டிங்கின்மேல் விழும். சாய்வெட்டில் அது நீளத்துக்குப் பரவும். உள்ளே ஒரு தகட்டுச் சட்டையைச் செருகி, அதன்மேல் இரு பக்கத்தையும் கொண்டுவந்து பொருத்துவார்கள். பிறகு டேப்பை எடுத்து இடது முன் மூலையிலிருந்து வலது பின் மூலைக்கு அளப்பார்கள். வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கு அளப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை பொட்டு வெல்டிங் மட்டும்தான். அளவு சரியானபின்னும் ஒரேயடியாக ஓட்டிவிட முடியாது. வெல்டிங் ஆறும்போது இரும்பு சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். ஆகவே ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி வைத்து, நடுநடுவே மறுபடி அளக்க வேண்டும். இதில் பொறுமை தவறிய வண்டி, ஆயுள் முழுக்க ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும்.

சேஸ் குறுகியதும் முதலில் கணக்குக் கேட்பது, ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் பின்பக்க புரொபெல்லர் ஷாஃப்ட். அதையும் அதே அளவு குறைக்க வேண்டும். குழாயை வெட்டி மறுபடி பற்றவைக்கும்போது இரு முனைகளிலும் உள்ள கிராஸ் ஜாயின்ட் கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சாய்ந்து சுழலும் ஒரு ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். மறுமுனையில் உள்ள ஜாயின்ட் அதற்கு நேரெதிராக ஆடி அந்த ஏற்றத்தாழ்வை ஈடுகட்டுகிறது. கவைகள் திருகிப்போனால் ஈடு கிடைக்காது. அதிர்வு கிளம்பி ஜாயின்டையும் கியர்பெட்டி பேரிங்கையும் தின்றுவிடும். ஷாஃப்ட் குட்டையானதால் அதன் சாய்வும் கூடியிருக்கும். ஸ்பிரிங்கை உயரமாக்கிக்கொண்டால் இன்னும் கூடும். முன்பக்கத்திலும் தொல்லை உண்டு. ரேஞ்ச் ரோவர் வகை முன் ஆக்சிலை இரண்டு நீண்ட கைகள் பிடித்திருக்கின்றன. வண்டியைத் தூக்கினால் அந்தக் கைகளோடு சேர்ந்து ஆக்சிலும் சற்றே புரண்டுவிடும். சக்கரம் தானாக நேருக்குத் திரும்பும் குணம் அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது. அதை மீட்க வளைந்த கைகளையோ, துளை மையம் தள்ளிய புஷ்களையோ போட்டாக வேண்டும். உயரம் மட்டும் போதும் என்று நினைத்து ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்து வேகம், அதாவது வேகத்தைக் குறைப்பது. டிஸ்கவரியின் கியர்பெட்டியில் முதல் கியர் விகிதம் 3.32. அதன் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் தாழ்நிலை விகிதமும் 3.32. ஆக்சிலின் டிஃபரன்ஷியலில் உள்ள கிரவுன் பினியன் விகிதம் 3.54. மூன்றையும் பெருக்கினால் 39 வரும். எஞ்சின் 39 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் சும்மா ஓடும்போது, இரண்டரை மீட்டர் சுற்றளவுள்ள டயர் மணிக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வேகத்தில் உருளும். மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. ஆனால் பழைய பண்ணை லேண்ட் ரோவரின் கிரவுன் பினியன் விகிதம் 4.7. அந்தப் பழைய டிஃபரன்ஷியல், பல வருடங்களுக்குப் பின் வந்த ரேஞ்ச் ரோவர் ஆக்சிலுக்குள்ளும் அப்படியே உட்காரும்படி கம்பெனி வடிவமைத்துவந்தது. அதை எடுத்துப் போட்டால் 39 என்பது ஏறத்தாழ 52 ஆகிவிடும். வண்டி மணிக்கு 2.2 கிலோமீட்டரில் ஊரும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச் மிதிக்காமல் பாறைமேல் ஏறி இறங்க முடிகிறது. சக்கரத்துக்கு வரும் முறுக்குவிசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. முப்பது வருடம் பழைய பாகம் புதிய வண்டியை மேம்படுத்தும் அருமையான இடம் இது.

ஆனால் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். காயலான் கடையில் வாங்கிய டிஃபரன்ஷியலில் எண் தேய்ந்திருக்கும். விற்பவர் சொல்வதை நம்ப முடியாது. சோதிக்க எளிய வழி உண்டு. ஆக்சிலைத் தூக்கி நிறுத்தி, இரு சக்கரங்களிலும் பினியன் முனையிலும் சாக்பீஸால் கோடு போட வேண்டும். இரு சக்கரமும் சரியாக ஒரு சுற்று வரும்வரை பினியனைக் கையால் திருப்ப வேண்டும். மூன்றரைச் சுற்றைக் கொஞ்சம் தாண்டினால் 3.54. நாலேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைந்தால் 4.7. இதைச் செய்யாமல் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக மாட்டிவிட்டு, இரு ஆக்சில்களுக்கும் விசையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டினால், முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று ஒன்றையொன்று முறுக்கும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். கெட்டித் தரையில் ஏதாவது ஒன்று உடையும்.

கியர் குறைந்து விசை கூடியதும் அடுத்த கணக்கு ஆக்சில் ஷாஃப்டில் வருகிறது. பழைய ரோவர் ஆக்சில்களின் ஷாஃப்ட் முனையில் 10 பற்கள். பின்னாளில் வந்தவற்றில் 24 பற்கள், அவை கூடுதல் வலுவானவை. எங்கோ ஒன்று உடையத்தான் போகிறது என்றால், ஜாக்கி வைத்து அரை மணி நேரத்தில் மாற்றக்கூடிய ஷாஃப்ட் உடையட்டும், பிரிப்பதற்கு ஒரு நாள் ஆகும் கியர்பெட்டி உடைய வேண்டாம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. அது சரியான யோசனை. எதை வலுவாக்குவது என்பதோடு எதை வலுவாக்காமல் விடுவது என்பதும் வடிவமைப்பின் பகுதிதான்.

டிஃபரன்ஷியலின் பிறவிக் குணம் ஒன்று உண்டு. ஒரு சக்கரம் பிடியிழந்து சுழலத் தொடங்கினால் சுற்று முழுவதும் அதற்கே போய், பிடியுள்ள சக்கரம் சும்மா நிற்கும். இதற்கு விலையுயர்ந்த தீர்வு, இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர். அது போட்ட வண்டி நேராக நன்றாக ஏறும், திரும்ப மறுக்கும். குச்சிகளுக்கு நடுவே திரும்பாத வண்டியால் பயனில்லை. டிரையல் கார் கட்டியவர்கள் கண்ட வழி வேறு. இடது வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனியாகக் கையால் இழுக்கும் பிரேக் நெம்புகோல்கள் வைத்தார்கள். சுழலும் சக்கரத்தை மட்டும் பிடித்தால் விசை மறு சக்கரத்துக்குப் போய்விடும். வளைவில் உள்பக்கச் சக்கரத்தைப் பிடித்தால், வண்டிக்காரர் ஒரு மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுக்கும்போது மாட்டுவண்டி அந்தப் பக்கம் மடங்கித் திரும்புவதுபோல், வண்டி நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும். எந்தெந்தப் பிரிவில் இதை அனுமதிப்பது என்று சங்கங்களின் விதிகள் சொல்கின்றன. இன்றைய கார்களில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்று விற்கப்படும் வசதி, சென்சாரும் கணினியும் சேர்ந்து இதே வேலையைச் செய்வதுதான்.

எஞ்சினைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று வி-8, இலேசு, தாராளமான விசை, ஆனால் பெட்ரோலைக் குடிக்கும், தண்ணீர் பட்டால் இக்னிஷன் முரண்டு பிடிக்கும். மற்றது டிஸ்கவரியின் 2.5 லிட்டர் டீசல். கனம், ஆனால் ஐட்லிங்கிலேயே மலையேறும், நீரில் நனைந்தாலும் நிற்காது. எஞ்சினையும் கியர்பெட்டியையும் வெவ்வேறு வண்டியிலிருந்து எடுத்தால் இரண்டுக்கும் நடுவே லேத்தில் கடைந்த அடாப்டர் தகடு வேண்டும். அதன் மையம் இம்மியளவு பிசகினாலும் கிளட்ச்சும் கியர்பெட்டியின் முன் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். எஞ்சின், கியர்பெட்டி, டிரான்ஸ்ஃபர் பெட்டி மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து ஒன்றாகவே இறக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். கலப்பு எங்கே தேவையோ அங்கே மட்டும் போதும்.

சாய்வைத் தாங்குவது எடையின் உயரத்தைப் பொறுத்தது. ரேஞ்ச் ரோவரின் இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1,486 மில்லிமீட்டர், பாதி 743. வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 750 மில்லிமீட்டரில் இருந்தால், அசையாமல் நிற்கும்போது ஏறக்குறைய 45 பாகை சாய்வு வரை கவிழாது. அதே மையம் 850-க்கு ஏறினால் 41 பாகையிலேயே கவிழும். ஓடும்போது, டயர் அமுங்கி ஸ்பிரிங் சாயும்போது, இந்த எல்லை இன்னும் கீழே வரும். நூறு மில்லிமீட்டர் உயரத்துக்கு நான்கு பாகை விலை. கண்ணாடி, கூரை, கதவு, பின் இருக்கை எல்லாவற்றையும் கழற்றி எறிவது அழகுக்காக அல்ல. பேட்டரியையும் எரிபொருள் தொட்டியையும் இருக்கைக்குப் பின்னால் தாழ்வாக வைப்பதற்கும் காரணம் இதுதான்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி கவிழும். டிரையலில் கவிழ்வது மெதுவாக நடக்கும், ஆனால் ஒன்றரை டன் இரும்பு மெதுவாக விழுந்தாலும் இரும்புதான். ஓட்டுநரைச் சுற்றிய குழாய்க் கூட்டில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. தன் பந்தயக் கார்களுக்கு வகுத்த விதி இதில் நல்ல வழிகாட்டி: தலைக்குப் பின்னால் வரும் முதன்மை வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், மற்றவற்றுக்கு 38 மில்லிமீட்டர் விட்டமும் அதே கனமும் கொண்ட, தையல் இல்லாமல் குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாய். தண்ணீர்க் குழாயை வளைத்துக் கூடு கட்டுபவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அந்தக் குழாய் பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் தையல் ஓரத்தில் பிளக்கும். கூட்டின் கால்கள் மெல்லிய தரைத் தகட்டில் நில்லாமல் சேஸோடு சேர வேண்டும். பெல்ட் இல்லாமல் கூட்டுக்குள் உட்கார்வதும் ஆபத்து. தலை அதே குழாயில் மோதும்.

இப்படிக் கட்டியதைச் சாலையில் ஓட்டலாமா? பிரிட்டனில் இதற்கு நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு நடைமுறையில் இருந்தது. மாறாத சேஸுக்கு 5 புள்ளி, சஸ்பென்ஷன், ஆக்சில்கள், கியர்பெட்டி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. மூல வண்டியிலிருந்து வந்த பாகங்களுக்குக் குறைந்தது 8 புள்ளி சேர்ந்தால் பழைய பதிவெண் நீடித்தது. எஞ்சினுக்கு ஒன்று, சேஸுக்கு ஐந்து என்ற இந்த விகிதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. வண்டியின் அடையாளம் எதில் இருக்கிறது என்பதற்குச் சட்டம் சொன்ன பதில் அது. சேஸை வெட்டிவிட்டால் அந்த ஐந்தும் போயிற்று. பிறகு வண்டியைத் தனியாகப் பரிசோதனைக்கு அனுப்பி, தேறினால் க்யூ என்று தொடங்கும் பதிவெண் வாங்க வேண்டியிருந்தது. அதனால் வெட்டிய வண்டிகளில் பெரும்பாலானவை டிரெய்லரில் ஏறித்தான் போட்டிக்கு வந்தன.

இந்தப் பட்டறைகளிலிருந்து தொழிலும் வளர்ந்தது. டெர்பிஷயரில் லேண்ட் ரோவர் பாகங்களை வைத்துப் போட்டி வண்டிகள் கட்டத் தொடங்கிய ட்ரூ பௌலரின் கம்பெனி, பாலைவன ராலிகள் வரை போனது. 2019 டிசம்பரில் அதை ஜாகுவார் லேண்ட் ரோவரே வாங்கிக்கொண்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் 2008-இலேயே டாடா மோட்டார்ஸ் வசம் வந்துவிட்டதால், பௌலரும் ஓர் இந்தியக் குழுமத்தின் பிள்ளையாயிற்று.

நம் நாட்டிலும் இந்தக் கைத்திறன் இல்லாமல் இல்லை. ஹரியானாவின் மண்டி டப்வாலி ஊரில், ராணுவ ஏலத்தில் வந்த ஜீப் பாகங்களைக் கொண்டு பல பத்தாண்டுகளாக ஜீப் கட்டுகிறார்கள். ஒரு கம்பெனியின் சேஸ், இன்னொன்றின் எஞ்சின், மூன்றாவதின் கியர்பெட்டி என்று அங்கே சேராத சேர்க்கை இல்லை. 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி, 970 சி.சி. எஞ்சினும் குறைந்த எடையுமாகச் சாப்மனின் கணக்குக்கு மிகவும் பொருந்தும் வண்டி. 2014-இல் கோவாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியில் அவை கனமான வண்டிகளுக்கு ஈடுகொடுத்து ஏறியிருக்கின்றன.

ஆனால் சட்டம் இங்கே கண்டிப்பானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ளதிலிருந்து வண்டி மாறுபடும்படி தயாரிப்பாளரின் வடிவமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதிசெய்தது. அனுமதியோடு எஞ்சினை மாற்றுவது போன்ற சிலவற்றுக்கு வழியுண்டு. சேஸை வெட்டி ஒட்டியதைச் சாலையில் ஓட்டுவதற்கு வழியில்லை. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரித்துவிடலாம்.

ஆகவே ஆசைப்படும் வாசகர்களே, வெல்டிங் மெஷினை எடுப்பதற்கு முன் மாற்றாத ஒரு நான்கு சக்கர இயக்க வண்டியோடு, அனுமதி பெற்ற தனியார் நிலத்தில், அனுபவமுள்ள சங்கத்தாரின் மேற்பார்வையில் ஓட்டிப் பழகுங்கள். எந்தப் பாகம் உங்களை நிறுத்துகிறது என்று தெரிந்த பிறகு அதை மட்டும் மாற்றுங்கள். ஏலத்திலோ காயலான் கடையிலோ எடுக்கும் எஞ்சினுக்கும் சேஸுக்கும் ரசீதும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எண் அழிந்த பாகம் திருட்டுப் பொருளாக இருக்கலாம். சேஸைத் தொடுவதானால் அது போட்டிக்கு மட்டுமான வண்டி என்று முடிவெடுத்து, டிரெய்லருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். குழாய்க் கூட்டையும் சேஸ் வெல்டிங்கையும் மட்டும், சொந்தக் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், சான்று பெற்ற வெல்டரிடம் ஒப்படையுங்கள்.